விளங்காத பெயர் ஒன்று

என் வீட்டுத் தொலைபேசி இணைய இணைப்போடு இலவசமாக வந்தது. அதன் இலக்கத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. வங்கி, பல் வைத்தியர், வேலை தருபவர்கள் எல்லாரிடமும் இருப்பது கைபேசி இலக்கம். ஆகவே அது அடித்தால் மறுமுனையில் இருப்பவர் வீட்டுக் காற்றுக் குழாய்களைத் துப்புரவாக்கித் தருவதாகச் சொல்லுபவராக இருப்பார், அல்லது வரி கட்டாததற்காகப் பொலிஸ் வரும் என்று மிரட்டுபவராக இருப்பார். இரண்டு பேரோடும் எனக்குச் சிக்கல் இல்லை. பொய் சொல்லுகிறார்கள் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

பனி கொட்டிய ஒரு காலையில் அது அடித்தது. எடுத்தால், தமிழ்.

“தங்கச்சி, நீங்கள் எழுத்துக்குப் பேர் வைக்கிற வேலை செய்யிறனீங்களாம். எங்களுக்கும் கொஞ்சம் வைச்சுத் தரவேணும்.”

மோர்னிங்சைட் பக்கத்தில் மரண அறிவித்தல்கள் போடும் அலுவலகம் நடத்துகிறாராம். ஒருவர் இறந்தால் அதே விபரத்தை இணையத்துக்கு ஒரு தடவை, பத்திரிகைக்கு ஒரு தடவை, உடலைப் பார்வைக்கு வைக்கும் மலர்ச்சாலையின் திரைக்கு ஒரு தடவை, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இன்னொரு தடவை என்று தட்டிக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு தடவை தட்டினால் எல்லா இடத்துக்கும் போகும்படி ஒழுங்குபடுத்தித் தரவேண்டும். என் இலக்கம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். யாரோ தெரிந்த ஆட்கள் தந்தார்கள் என்றார். ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் அதற்கு மேலே கேட்க வேண்டாம் என்று அர்த்தம்.

நான் பயந்துபோனேன். ஏனென்றால் அந்த இலக்கம் போய் விழுந்திருக்கக்கூடிய இடம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். றிச்மண்ட் ஹில்லில், அண்ணாவின் வீட்டுத் தொலைபேசியில் உள்ள சின்னத் திரை.

அந்த வீட்டில்தான் அம்மா இருக்கிறார். அண்ணா பார்த்துச் செய்துவைத்த கலியாணத்தை விட்டு நான் வெளியே வந்தபோது, அம்மா அந்த வீட்டு வாசலில் நின்று, “என்ரை செத்த வீட்டுக்கும் நீ வரக்கூடாது” என்றார். எங்கள் தாய்மார் கோபத்தில் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அம்மா ஒரு வார்த்தையைச் சொன்னபிறகு திருப்பி எடுத்ததை நான் கண்டதில்லை. நான் நகரத்தின் மறு கோடியில், ரெக்ஸ்டேலில், ஒரு அடுக்குமாடிக்குக் குடிவந்தேன். அண்ணாவும் அம்மாவும் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குச் சொல்லவும் ஒருவர் இல்லை. ஆகவே இடைக்கிடை, வேலை நாளில், அண்ணாவும் அண்ணியும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருக்கும் நேரம் பார்த்து, என் வீட்டுத் தொலைபேசியில் இருந்து அங்கே அழைப்பேன். என் கைபேசி இலக்கம் அண்ணாவுக்குத் தெரியும், இது தெரியாது. அதனால்தான் அதை வைத்திருந்தேன். அம்மா எடுத்து, “ஹலோ, ஆர்?” என்பார். நான் பேசமாட்டேன். முதலில் எல்லாம் அம்மா உடனே வைத்துவிடுவார். பிறகு பிறகு வைக்கத் தாமதமாகியது. ரிசீவரைக் கையில் பிடித்தபடியே பக்கத்தில் இருக்கும் யாரோடோ கதைப்பது கேட்கும். கால் நோவு இன்றைக்குப் பரவாயில்லை என்பார். பேவியூ பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை சனம் என்பார். நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பேன். வயதாகி அம்மாவுக்குத் தொலைபேசியை வைக்க மறந்துபோகிறது என்று நினைத்துக் கவலைப்பட்டேன்.

இப்போது அந்த இலக்கத்துக்கு முன்பின் தெரியாத ஒருவர் அழைக்கிறார். அண்ணா கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். யாருடைய இலக்கம் என்று உறுதிசெய்ய ஒரு ஆளைவிட்டுக் கதைக்க வைக்கிறார். உறுதியானதும் அந்த இலக்கத்தைத் தடைசெய்வார். அதன்பிறகு எனக்கு அம்மாவின் குரல் இல்லை. வேலையை ஒப்புக்கொண்டேன். இலக்கத்தைக் கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க வேறு வழி தெரியவில்லை.

எழுத்துக்குப் பேர் வைக்கிற வேலை என்று என் தொழிலில் யாரும் சொல்வதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது பிழையும் இல்லை. ஒரு ஆவணத்தை இயந்திரம் விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் அதன் ஒவ்வொரு கூறுக்கும் முன்னாலும் பின்னாலும் ஒரு பெயர்ச்சீட்டுப் போடவேண்டும். இது தலைப்பு, இது திகதி, இது முகவரி என்று. அந்தப் பெயர்களை யோசித்து வைப்பதுதான் நான். நீண்ட காலம் நகர மத்தியில் ஒரு சட்டப் புத்தகப் பதிப்பகத்தில் அதைச் செய்துவிட்டு, இப்போது வீட்டில் இருந்து செய்கிறேன்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு கூறு எப்படித் தோன்றுகிறது என்று பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது. அது என்ன என்று பார்த்துத்தான் வைக்கவேண்டும். சமையலறைப் பேணியில் மிளகாய்த்தூள் என்று எழுதுவோமே தவிர சிவப்புத்தூள் என்று எழுதமாட்டோம். தடித்த எழுத்தில் வருகிறது என்பதற்காக ஒரு கூறுக்குத் தடித்தது என்று பெயர் வைத்தால், நாளைக்கு அதை மெல்லிய எழுத்தில் போடச் சொல்லும்போது முழிக்கவேண்டியதுதான். புதிதாக வருபவர்களுக்கு நான் இன்னொன்றும் சொல்வேன். யாராவது ஒரு கூறுக்கு ‘பிற’ என்றோ ‘பொது’ என்றோ பெயர் வைத்திருந்தால் அங்கே நின்று பாருங்கள், அதற்குள் யாரோ எதையோ ஒளித்திருப்பார்கள். பதிப்பகத்தில் என்னைச் சந்தேகப் பிராணி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் கோபித்திருக்கமாட்டேன்.

அலுவலகம் ஒரு பிளாசாவின் மூலையில், ரேக்-அவுட் சமையல் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே இரண்டே பேர். தொலைபேசியில் கதைத்த அண்ணை, முதலாளி, அறுபது தாண்டியவர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு எங்கே என்று தேடுகிறவர். மற்றவர் தட்டச்சு செய்யும் அக்கா. மன்னார்க் கத்தோலிக்கர். அறிவித்தல் போட வருபவர்களைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, அவர்கள் அழுதழுது சொல்லச் சொல்ல, திரையைப் பார்த்தபடி தட்டுவார். வந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே திரையைப் பார்த்து, மாமாவின் பெயருக்கு முதல் சித்தப்பாவின் பெயர் வரவேண்டும் என்பார்கள். அக்கா மாற்றுவார்.

முதல் நாளே அண்ணாவின் பெயரைச் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். முதலாளி அண்ணை முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. எங்கள் ஆட்களில் ஒருவரின் பெயரைச் சொன்னால், எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்காமல் விடுகிறவர் யார்?

பழைய அறிவித்தல்களைக் கட்டுக் கட்டாகத் தந்தார்கள். எங்கள் மரண அறிவித்தலைப் போல ஒழுங்கான ஆவணத்தைச் சட்டப் புத்தகங்களில்கூட நான் பார்த்ததில்லை. இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர். இன்னார் தம்பதிகளின் அன்பு மகள். இன்னாரின் அன்பு மனைவி. இன்னாரின் பாசமிகு தாய். மாமியார், மைத்துனி, பேத்தி. எல்லாம் அதது அதனதன் இடத்தில் வரும். இரண்டு நாளில் பெயர் வைத்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நினைத்ததற்கு உடனேயே வாங்கிக் கட்டினேன். இறந்த திகதிக்கு ‘சிவபதம்’ என்று பெயர் வைத்திருந்தேன். பிறந்து வளர்ந்த வீட்டில் எல்லாரும் சிவபதம்தான் அடைந்தார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அக்கா திரையில் அதைப் பார்த்துவிட்டு, “எங்கட ஆக்கள் சிவபதம் அடையிறேல்லை, பிள்ளை” என்றார். கோபத்தோடு இல்லை, சிரித்துக்கொண்டுதான். அண்ணையும் சேர்ந்து சிரித்தார். எனக்கு முகம் சுண்டிப்போனது. ‘மறைவு’ என்று மாற்றினேன்.

இன்னொன்றும் நடந்தது. எல்லா அறிவித்தலிலும் கணவருக்கு முன்னால் ‘அன்பு’ வருகிறதே என்று, அதைத் தட்டத் தேவையில்லாமல் இயந்திரமே போடும்படி செய்திருந்தேன். பரீட்சித்துப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், கணவனை இழந்த ஒரு பெண் வந்தார். திரையில் ‘அன்புக் கணவர்’ என்று தானாக வந்து விழுந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தச் சொல்லை எடுத்துவிட முடியுமா என்று மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார். எடுக்க முடியவில்லை, நான் அப்படிச் செய்து வைத்திருந்தேன். அக்கா அந்த அறிவித்தலைப் பழைய முறையில் தனியாகத் தட்டிக் கொடுத்தார். நான் வீட்டுக்குப் போய் ‘அன்பு’வைப் பிரித்து எடுத்தேன்.

பிள்ளைகளுக்கு ‘மகன்’, ‘மகள்’ என்று பெயர் வைத்த நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. இறந்தவரின் இடத்தில் அம்மாவை வைத்துப் பார்த்தேன். பிறப்பிடம் வரும், வதிவிடம் வரும், அப்பாவின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று வரும். பாசமிகு தாய் என்ற இடத்தில் அண்ணாவின் பெயர் மட்டும் வரும். அந்த அறிவித்தலை அண்ணா கொடுக்கப்போவதும் ஒருவேளை இதே மேசையில்தான். அம்மா போனதை நான் யாரோ அனுப்பிய படத்தில் பார்த்துத்தான் அறியப்போகிறேன். பார்க்கும்போது எல்லாம் முடிந்து வாரக்கணக்காகியிருக்கும்.

வேலை முடியும் தறுவாயில் முதலாளி அண்ணை என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“தங்கச்சி, விபரம் தட்டுற இடத்திலை இன்னும் ஒரு பெட்டி வேணும். அச்சிலை வரக்கூடாது, இணையத்திலையும் வரக்கூடாது. பேரைப் பாத்தால் ஒருத்தருக்கும் விளங்கக் கூடாது.”

அதற்குள் என்ன போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் என்றார். யாருடையது என்று கேட்டேன். அது எனக்குத் தேவையில்லை என்றார், அக்காவை ஒரு பார்வை பார்த்தபடி. அக்கா திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

விளங்கும்படி பெயர் வைக்கத்தான் எனக்குச் சம்பளம். விளங்காதபடி வைக்க ஒருவர் கேட்டதும், என் மனதில் இருந்த கணக்கு எல்லாம் கலைந்து வேறு விதமாகக் கூடியது. அந்த அலுவலகத்துக்கு ஒரு வீடு விற்பனை முகவர் அடிக்கடி வருவார். கோட்டும் சூட்டுமாக வந்து, தன் படம் போட்ட நாட்காட்டிகளை மேசையில் வைத்துவிட்டு, அண்ணையோடு ஒதுங்கி நின்று குசுகுசுப்பார். ஒருவர் இறந்தால் பெரும்பாலும் ஒரு வீடு விலைக்கு வரும். யார் விற்பார், அவருடைய இலக்கம் என்ன என்று முதலில் அறிகிறவனுக்குக் கொண்டாட்டம். அழுகிற குடும்பத்தின் விபரத்தை இவர்கள் விற்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். என் இலக்கமும் இப்படி எங்கேயோ விற்கப்பட்டுத்தான் வந்திருக்கும் என்று தோன்றியது. அண்ணாவின் மேல் இருந்த சந்தேகம்கூடக் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த தடவை போனபோது அது இதைவிட மோசம் என்று நினைக்கும்படி ஒன்று நடந்தது. முதலாளி அண்ணை தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தார். நான் சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறேன், நடுத் தட்டிக்குப் பின்னால் அக்கா தொலைபேசியில் கதைப்பது கேட்கிறது.

“அஞ்சு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போவினம். ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் நிக்கமாட்டினம். முன்னாலை வரவேண்டாம், பக்கத்துக் கதவாலை வாங்கோ. திறந்துவிடச் சொல்லியிருக்கிறன்.”

செத்த வீடு நடக்கும் நேரம் பார்த்து ஆளில்லாத வீட்டை உடைக்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் கலியாண வீடுகளில் கூடினால் கதைப்பதுண்டு. அறிவித்தலில் பார்வை நேரம், கிரியை நேரம், தகன நேரம் எல்லாம் போட்டிருக்கும். வீட்டில் எப்போது ஆளிருக்காது என்பதை நாங்களே அச்சடித்துக் கொடுக்கிறோம் என்று. நான் அதையெல்லாம் வாய்க்கதை என்று விட்டிருந்தேன். இப்போது கண்ணுக்கு முன்னால் சிலுவைச் சங்கிலி போட்ட அக்கா, அமைதியான குரலில், பக்கத்துக் கதவைத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறேன் என்கிறார்.

அண்ணை தேத்தண்ணீரோடு வந்து சேரும்வரை பொறுத்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பெட்டிக்குள் என்ன போகிறது என்று சொல்லாவிட்டால் பெயரும் இல்லை, வேலையும் இல்லை, இங்கிருந்து நேரே பொலிஸுக்குப் போகிறேன் என்றேன். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். எனக்கு மறுமொழி சொன்னது அக்கா.

“பிள்ளை, அறிவித்தல் போட வாற ஆக்கள் எல்லாப் பிள்ளையளின்ரை பேரையும் தாறேல்லை.”

அவர் சொன்னது இது. சாதி மாறிக் கட்டிய மகள், கட்டியவனை விட்டு வந்த மகள், இன்னொரு ஆணோடு குடித்தனம் நடத்தும் மகன், காணிச் சண்டையில் முகம் முறித்த தம்பி. குடும்பம் அவர்களின் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லும். இவர்கள் போடமாட்டார்கள், அறிவித்தல் குடும்பத்தினுடையது. ஆனால் பெற்ற தாய் தகப்பன் போனதை அந்தப் பிள்ளை யாரோ அனுப்பிய படத்தில் பார்த்து அறியக் கூடாது. ஆகவே அக்கா எப்படியாவது இலக்கத்தைத் தேடிப் பிடித்து முதலே எடுத்துச் சொல்லிவிடுவார். மலர்ச்சாலையில் குடும்பம் சாப்பிடப் போகும் நேரத்தில் அந்த ஆள் பக்கத்துக் கதவால் வந்து பார்த்துவிட்டுப் போவதற்கு, அங்கே வேலை செய்பவர்களோடு கதைத்து ஒழுங்கு செய்வார். ஒரு தடவை இது தெரியவந்து, ஒரு குடும்பத்து மூத்த மகன் வந்து இந்த அலுவலகத்தின் முன் கண்ணாடியை உடைத்துவிட்டாராம். பக்கத்தில் இருந்து திரையைப் பார்க்கும் ஆட்களுக்கு விளங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் விளங்காத பெயர்.

நான் நம்பவில்லை. அவ்வளவு நல்லவர்களாக யாரும் இருப்பதை நான் லேசில் நம்புவதில்லை. வீடு விற்பனை முகவர் ஏன் வருகிறார் என்று கேட்டேன். நாட்காட்டி கொடுக்க வருகிறார் என்றார் அண்ணை, எரிச்சலோடு. அவர் தன்னிடம் வாங்கிய கைமாற்றை இன்னும் தரவில்லை, அதைக் கேட்டால் குசுகுசுக்கிறார் என்றார். நான் அதையும் நம்பவில்லை.

“நம்பாட்டி அஞ்சு மணிக்கு வந்து பாருங்கோ” என்றார் அக்கா.

போனேன். மலர்ச்சாலையின் பின் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, அக்காவோடு உள்ளே போய், நடைபாதையில் ஒரு ஓரமாக நின்றேன். குடும்பம் சாப்பாட்டு அறைக்குப் போய்க் கதவு சாத்தியபிறகு, பஸ் சாரதியின் சீருடையோடு ஒரு மனிதர் பக்கத்துக் கதவால் வந்தார். நேரே உள்ளே போகாமல், வாசலில் இருந்த திரையில் தன் தகப்பனின் அறிவித்தல் ஓடுவதை நின்று வாசித்தார். பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. போயின. திரும்பவும் வரும்வரை காத்திருந்து இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு உள்ளே போய், தகப்பனின் சேர்ட் கழுத்தில் மடங்கியிருந்த ஒரு மூலையை நிமிர்த்திவிட்டு, கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார். வெளியே வந்தபோது அக்காவுக்குத் தலையை ஆட்டினார். என்னையும் மலர்ச்சாலை ஆள் என்று நினைத்து எனக்கும் ஆட்டினார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

401 நெடுஞ்சாலையில் ரெக்ஸ்டேலுக்கு ஊர்ந்து போகும்போது முழுக்க அந்தப் பெட்டிக்குப் பெயர் தேடினேன். ‘பிற’ என்று வைக்கலாம். ‘குறிப்பு’ என்று வைக்கலாம். வெறும் எழுத்து ஒன்றை வைக்கலாம். ஒவ்வொன்றையும் அந்தச் சீருடை மனிதருக்கு வைத்துப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. அவர் பிற இல்லை. அவர் குறிப்பும் இல்லை. அவர் மகன். அறிவித்தலில் வராதது அவர் என்ன என்பதை மாற்றாது. அவர் எப்படித் தோன்றுகிறார் என்பதைத்தான் மாற்றும். புதிதாக வருபவர்களுக்கெல்லாம் நான் ஓதும் விதியை எனக்கே யாரோ திருப்பிச் சொன்னதுபோல் இருந்தது. காரை அடுத்த வழியால் வெளியே எடுத்து, ஒரு கோப்பிக் கடைத் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். அழுதது அவருக்காக மட்டும் இல்லை.

அடுத்த தடவை போனபோது, தனிப் பெட்டி தேவையில்லை என்று முதலாளி அண்ணையிடம் சொன்னேன். மகன் என்றால் ‘மகன்’, மகள் என்றால் ‘மகள்’. மற்றப் பிள்ளைகளுக்கு வைத்த அதே பெயர், பிறந்த ஒழுங்கில் அதே இடம். கூடவே, அச்சில் வேண்டாம் என்பதற்கு ஒரு சின்ன அடையாளம். அந்த அடையாளம் போட்ட பிள்ளை அக்கா ஒரு விசையை அழுத்தினால் மட்டும் திரையில் வரும். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அண்ணை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். மறைந்தது, வந்தது. பிறகு, நாளைக்கு ஒரு குடும்பம் சமாதானமானால் என்ன செய்வது என்று கேட்டார். அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும், பிள்ளை தன் இடத்தில் இருக்கும் என்றேன். அவர் தேத்தண்ணீர் வாங்கப் போய்விட்டார்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உயிரோடை இருக்கிற ஆக்களின்ரையும் இதிலை போட்டு வைக்கலாமோ, பிள்ளை? தாங்கள் போனால் இன்ன பிள்ளைக்குச் சொல்லுங்கோ எண்டு முன்கூட்டியே சொல்லிவைச்ச ஆக்கள் இருக்கினம்.”

போடலாம் என்றேன். இறந்த திகதியை வெறுமையாக விட்டால் சரி.

“அப்ப இதைப் போடட்டோ?” என்று ஒரு தொலைபேசி இலக்கத்தைச் சொன்னார்.

என் வீட்டுத் தொலைபேசி இலக்கம்.

கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். அண்ணா எப்போது வந்தார் என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்கவேண்டும், அக்கா என் கையைப் பிடித்து இருத்தினார். அண்ணா வந்தது உண்மைதான். போன வருடம் அண்ணியின் தாய் இறந்தபோது அறிவித்தல் கொடுக்க வந்திருக்கிறார். ஆனால் அவர் தனியே வரவில்லை. கூட வந்தவர், அண்ணா காரைத் தள்ளி நிறுத்த வெளியே போன நேரத்தில், அக்காவின் மேசைக்குக் கிட்ட வந்திருக்கிறார்.

“உங்கட அம்மா சொன்னவா, ஒரு நம்பரிலை இருந்து ஆரோ எடுத்து ஒண்டும் கதைக்காமல் வைக்கினம், அது என்ரை மகள்தான் எண்டு. தான் செத்தால் அவளுக்குச் சொல்லிவிடச் சொன்னவா. அவள் ஏதோ எழுத்துக்குப் பேர் வைக்கிற வேலை செய்யிறாள் எண்டும் சொன்னவா.”

வாய் பேசாத ஒரு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி நம்புவது? வேறு யாருமாக இருந்தால்? ஆகவே, ஆள் சரிதானா என்று பார்க்கத்தான் முதலாளி அண்ணை அழைத்திருக்கிறார். வேலையும் உண்மையாகவே தேவைப்பட்டது என்றார் அக்கா. நான் அவர்களை வேவு பார்த்த நாளெல்லாம் அவர்களும் என்னை வேவு பார்த்திருக்கிறார்கள்.

அம்மா இலக்கத்தை எதில் எழுதிக் கொண்டுவந்தார் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. அம்மாவின் கையெழுத்தைப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

“கடதாசி ஒண்டும் இல்லை, பிள்ளை. வாயாலை சொன்னவா. ரெண்டு தரம் சொன்னவா.” பிறகு, “செத்த பிறகுதான் சொல்லச் சொன்னவா. நான் இப்ப சொன்னது பிழை” என்றார்.

அன்று எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. வந்து கோட்டையும் கழற்றாமல் அந்தத் தொலைபேசிக்கு முன்னால் இருந்தபோதுதான் மற்றது உறைத்தது. நான் அழைக்கிற நேரம் வீட்டில் யாரும் இல்லாத நேரம். அதைப் பார்த்துத்தான் அழைக்கிறேன். அப்படியானால் அம்மா, கால் நோவு பரவாயில்லை என்றும் கோயிலில் சனம் என்றும் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்? யாரைக் கண்டாலும், எதைக் கேட்டாலும் சந்தேகிக்கிற எனக்கு, அந்த ஒன்றை மட்டும் சந்தேகிக்கத் தோன்றவில்லை. அம்மா என்னைவிடக் கெட்டிக்காரர். பேச்சில்லாத ஒரு அழைப்பை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டார்.

நேரத்தைப் பார்த்தேன். மத்தியானம் கழிந்து கொஞ்சம்தான். அழைத்தேன்.

“ஹலோ, ஆர்?”

வழக்கம்போல் நான் பேசவில்லை. அம்மாவும் வைக்கவில்லை. மூச்சு விடுவது கேட்டது. பிறகு, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் தொடங்கினார். ஸ்நோ இன்னும் விடவில்லை என்றார். போன கிழமை கோயிலுக்குப் போகவில்லை என்றார்.

“முருங்கையிலை வாங்கினதுகள். கட்டுக் கட்டாக் கிடக்குது. எனக்கெண்டால் விரல் நோ. ஆயிறதுக்கு ஒரு ஆளில்லை.”

“நான் வந்து ஆஞ்சு தாறன், அம்மா.”

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்தினேன். அம்மாவின் குரல் வந்தபோது அது தணிந்திருந்தது. அந்தப் பெரிய வீட்டில் சுவர்களுக்கும் கேட்டுவிடும் என்று பயந்தவர்போல் சொன்னார்.

“அஞ்சு மணி வரைக்கும் ஒருத்தரும் நிக்கமாட்டினம். அண்ணன் முன்கதவிலை கமரா பூட்டியிருக்கிறான். பக்கத்துக் கதவாலை வா.”